பக்கத்து வீட்டை எழுப்பாத பெருஞ்சத்தம்: பேயர்டைனமிக் டிடி 770 புரோ ஹெட்ஃபோன்

மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் குடியிருப்பவர்களுக்குப் பாட்டைச் சத்தமாக வைத்துக் கேட்பது தங்கள் விருப்பத்தோடு மட்டும் முடிந்துவிடுகிற காரியமில்லை. இரண்டு வீட்டுக்கு ஒரே பொதுச்சுவர்; வளவு என்றால் ஐந்தாறு குடும்பங்களுக்கு ஒரே முற்றம். ஒரு வீட்டில் பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும். அடுத்த வீட்டில், விடியுமுன் எழுந்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போக வேண்டியவர் இரவு ஒன்பது மணிக்கே பாயை விரித்திருப்பார். வேலை முடிந்து வீடு திரும்பி, சாப்பிட்டுவிட்டு, நிம்மதியாக உட்கார்ந்து இசை கேட்க என்னைப் போன்றவர்களுக்குக் கிடைக்கிற நேரமும் அதுதான். இந்த நெருக்கடிக்கு விடையாக நான் வாங்கிப் பயன்படுத்தி வருவது, ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனம் செய்கிற டிடி 770 புரோ என்ற மூடிய வகை ஹெட்ஃபோன். அதிலும் குறிப்பாக 80 ஓம் (மின்தடையின் அளவு) வகை. ஒரு முழுக் கோடையையும் அதற்கடுத்த மழைக்காலத்தையும் அதனோடு கழித்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நான் பெரும்பாலும் கேட்பது நாதஸ்வரமும் தவிலும். அடக்கமான ஒலியில் அவற்றைக் கேட்பதில் நிறைவு கிடைப்பதில்லை. கோயில் பிரகாரத்திலும் வீதியிலும் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் நின்று ஒலிப்பதற்கென்றே உருவான வாத்தியங்கள் அவை. தவிலின் தொப்பிப் பக்கத்தில் கழி விழும்போது எழுகிற கனத்த ஒலியும், மறுபக்கமான வலந்தலையில் கூடு (விரலுறை) மாட்டிய விரல்கள் பொழிகிற வெடிப்பும் ஒலியைக் குறைத்தவுடன் சுருங்கி, பெட்டிக்குள்ளிருந்து வருகிற தட்டலாகிவிடுகின்றன. ஆகவே 'ஒலியைக் குறைத்துக் கேளுங்கள்' என்ற அறிவுரையில் நியாயம் இருந்தாலும், கேட்பவருக்கு அதில் இழப்பு உண்டு. அந்த இழப்பு இல்லாமல், அடுத்தவர் தூக்கத்தையும் கெடுக்காமல் கேட்க வழி உண்டா என்பதுதான் என் கேள்வியாக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு), இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவாகக் கணக்கிடப்படுகிறது. தனியாருக்குச் சொந்தமான ஒலி அமைப்பு எதுவாயினும், அந்த வீட்டின் எல்லையில் அதன் ஒலி இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. அதாவது இரவில் நம் வீட்டு எல்லையில் 50 டெசிபல். சாதாரணப் பேச்சே ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபலை நெருங்கும் என்பதை வைத்துப் பார்த்தால், அறையில் 90 டெசிபலில் தவில் கேட்க விரும்புகிறவர் அந்த ஒலியில் 40 டெசிபலை வெளியே விடாமல் பிடித்துவைக்க வேண்டும் என்று பொருள்.

சுவரால் அதைச் செய்ய முடியும். இருபுறமும் பூசப்பட்ட ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் தனியாக நின்றால் அந்த அளவைத் தாராளமாகத் தடுக்கும். ஆனால் வீடு என்பது சுவர் மட்டுமில்லையே! கதவு, ஜன்னல், ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர், கதவடியில் விரற்கடை இடைவெளி என்று எத்தனையோ இருக்கின்றன. சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மிச்சச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. மதுரை வெயிலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க ஏசி வேண்டும்; ஏசி இருந்தாலும் அந்தப் பழைய மரக்கதவுகள் காற்றுப் புகாதபடி மூடுவதில்லை. சுவரைக் கனமாக்கலாமே என்றால், எடையை இரட்டிப்பாக்கினால்கூடத் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல்தான் கூடும். வாடகை வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒலி தொடர்பான பொருள்கள் விற்கிற ஒரு கடையில், முட்டை அட்டை வடிவிலான பஞ்சுப் பலகைகளைக் காட்டி, இவற்றைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று எனக்கு உறுதியாகச் சொன்னார்கள். அது சரியான தகவல் இல்லை. அந்தப் பஞ்சு அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும்; பேச்சும் பாட்டும் அறைக்குள் தெளிவாகக் கேட்கும். ஒலி வெளியேறுவதைத் தடுக்கத் தேவையான எடை அதற்குக் கிடையாது. 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) என்ற தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர். இரண்டு அங்குலப் பஞ்சு அந்த அலையை ஒன்றும் செய்துவிடாது. பக்கத்து வீட்டாரை வருத்துவதும் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த ஒலிதான். பாட்டின் சொற்கள் சுவரில் நின்றுவிட, 'தும் தும்' என்ற அதிர்வு மட்டும் சுவரிலும் தளத்திலும் ஏறிப் போய், இசை என்று அடையாளம் தெரியாத வடிவில் அடுத்தவர் தலையணைக்குள் புகுகிறது. வீட்டுக்குள் தனி அறை கட்டி, அதற்குள் இரட்டைச் சுவரும், கட்டடத்தோடு இறுக ஒட்டாத மிதக்கும் தளமும் போடுகிற ஸ்டூடியோ முறை ஒன்றுதான் அதற்கு முழுமையான பரிகாரம். அந்தச் செலவுக்கு நம்மில் எத்தனை பேர் தயார்?

ஆகவே ஹெட்ஃபோன். இதில் முதலில் கவனிக்க வேண்டியது, மூடிய வகையா திறந்த வகையா என்பது. இசைப் பிரியர்கள் கொண்டாடுகிற பல ஹெட்ஃபோன்கள் திறந்த வகையைச் சேர்ந்தவை. கிண்ணத்தின் வெளிப்புறம் வலைபோல் இருக்கும். ஒலி விசாலமாகக் கேட்கும். ஆனால் உள்ளே ஒலிப்பதில் பெரும்பங்கு வெளியேயும் கேட்கும். அதே அறையில் ஒருவர் படுத்திருந்தால் அவர் விழித்துக்கொள்வார். பேயர்டைனமிக்கின் வரிசையிலேயே டிடி 990 புரோ திறந்தது, டிடி 880 பாதி திறந்தது, டிடி 770 மூடியது. மூன்றும் தோற்றத்தில் உடன்பிறப்புகள்போல ஒத்திருப்பதாலும், இணையக் கடைகளில் அடுத்தடுத்து வருவதாலும், எண்ணை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்து வாங்குவது அவசியம். எண் மாறிவிட்டால் வாங்கிய நோக்கமே கெட்டுவிடும்.

இந்த நிறுவனம் 1924இல் பெர்லினில் தொடங்கப்பட்டு, போருக்குப் பிறகு ஹைல்பிரான் நகரத்துக்கு மாறியது. 1937இல் அது கொண்டுவந்த டிடி 48, உலகின் முதல் டைனமிக் ஹெட்ஃபோன் என்று அறியப்படுகிறது. டிடி 770 வரிசை 1980களில் பிறந்தது. அடிப்படை வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. வளைந்த எஃகுப் பட்டை, அதன் மேல் மெத்தை, வட்டக் கிண்ணங்கள், அவற்றில் சாம்பல் நிற வெல்வெட்டுத் துணி போர்த்திய காதுறைகள். கம்பியை நீக்கி எடை 270 கிராம். அலங்காரம் ஏதுமில்லை. பதிவுக்கூடங்களில் நாள் முழுதும் மாட்டி, கழற்றி, கீழே போட்டு எடுப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் என்பது கையில் எடுத்தவுடன் தெரிகிறது.

ஊருக்கேற்ற பொருளாக இதை ஆக்குவது அந்தத் துணிதான். மூடிய ஹெட்ஃபோன்களில் பெரும்பாலானவற்றுக்குச் செயற்கைத் தோல் உறை போட்டிருப்பார்கள். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பதில் தோலுறை ஒரு படி மேல் என்பது உண்மை. ஆனால் கத்திரி வெயில் காலத்தில், இரவு பதினொரு மணிக்கும் மொட்டைமாடியின் சூடு அறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிற வீட்டில், தோலுறை பத்து நிமிடத்தில் காதைச் சுற்றி வியர்வை வளையத்தை உண்டாக்கிவிடுகிறது. ஓரிரு ஆண்டில் அந்தத் தோல் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டிக்கொள்வதையும் பலர் பார்த்திருப்பார்கள். வெல்வெட்டு உறை வியர்வையை இழுத்துக்கொள்கிறது, காற்றைச் சிறிது விடுகிறது, காதில் ஒட்டுவதில்லை. வெயிலே தெரியாது என்று சொல்ல மாட்டேன். மே மாதத்தில் மின்விசிறி இல்லாமல் இதை மாட்டிக்கொண்டு ஒரு முழு ராக ஆலாபனையைக் கேட்டு முடிப்பது கடினம். மின்விசிறிக்கு அடியில் அமர்ந்தால் ஒன்றரை மணி நேரம் சிரமமில்லாமல் ஓடுகிறது. உறைகளைக் கழற்றி, மென்மையான சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டிக்கொள்ளலாம். தலைமுடியும் தூசும் அதில் எளிதில் ஒட்டுவதால் அவ்வப்போது அந்த வேலை இருக்கத்தான் செய்கிறது. நைந்துபோனால் உறையை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம் என்பதும், மெத்தை முதலிய மற்ற உறுப்புகளும் உதிரியாகக் கிடைக்கின்றன என்பதும் எனக்குப் பெரிய காரணங்கள். ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய பொருளை உறைக்காகத் தூக்கி எறிவது எனக்கு உவப்பானதில்லை.

ஒலிக்கு வருகிறேன். இதன் அடியொலி இயல்பைவிடச் சற்றுத் தூக்கலானது. ஆழத்தில் இறங்கிப் போகிற தூக்கல். தவிலின் தொப்பி ஒலி இதில் வயிற்றோடு வருகிறது. அடுத்தடுத்து விழுகிற அடிகள் ஒன்றோடொன்று குழம்பாமல், ஒவ்வொன்றும் தொடங்கி அடங்குவது தனித்தனியே தெரிகிறது. தனி ஆவர்த்தனத்தில் இரண்டு தவில்கள் மாறி மாறி வாசிக்கும்போது, எது யாருடைய கை என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிட முடிகிறது. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரப் பதிவுகளில் இரு வாத்தியங்களும் ஒரே சுரத்தில் இணைகிற இடத்தில், ஒன்றன் மூச்சு மற்றதற்கு இம்மியளவு முந்துவதைக்கூட இதில் கேட்டிருக்கிறேன். ஸ்பீக்கரில் அறையின் எதிரொலி அந்த நுட்பங்களை மூடிவிடுகிறது.

மேலொலியிலும் ஒரு தூக்கல் உண்டு. எட்டாயிரம், ஒன்பதாயிரம் ஹெர்ட்ஸ் அருகே இந்த வரிசை ஹெட்ஃபோன்கள் எழும்பி நிற்கும் என்பது ஒலி ஆர்வலர்கள் எல்லாரும் அறிந்த செய்தி. அதனால் நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியின் உரசலும் ஜாலராவின் பளபளப்பும் மிகத் தெளிவாகக் கேட்கின்றன. அதே காரணத்தால் பழைய ஒலிநாடாப் பதிவுகளின் இரைச்சலும், பாடகர் 'ச', 'ஸ' ஒலிக்கும் இடங்களும் கூர்மையாகக் காதில் ஏறுகின்றன. எம்.எஸ். சுப்புலட்சுமி, டி.எம். சௌந்தரராஜன் போன்ற, இந்த மண்ணில் பிறந்த குரல்களின் பழைய பதிவுகளைக் கேட்கும்போது, கைப்பேசியில் ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரில் அந்தப் பகுதியை நான்கைந்து டெசிபல் இறக்கி வைத்துக்கொள்கிறேன். குரலுக்கு முதலிடம் கொடுத்துக் கேட்பவர்கள் வாங்குமுன் ஒரு முறை காதில் மாட்டிப் பார்ப்பது நல்லது. இதில் குரல், பக்க வாத்தியத்துக்கு அரையடி பின்னால் நிற்கிறது.

இந்த இரு முனைத் தூக்கலைக் குறை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த மதிப்புரையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதும் அதுவே. 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒலி குறையக் குறைய மனிதக் காது அடியொலியை நடுவொலியைவிட வேகமாக இழந்துவிடுகிறது என்பதை அளந்து காட்டினார்கள். மேலொலியிலும் ஓரளவு அப்படித்தான். குறைந்த சத்தத்தில் தவில் சப்பென்று ஆகிவிடுவதற்கும், நாம் திரும்பத் திரும்ப ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதற்கும் காரணம் அதுதான். டிடி 770 அந்த இழப்பை முன்கூட்டியே ஈடுசெய்வதுபோல் அமைந்திருக்கிறது. ஆகவே மிதமான அளவிலேயே இசை முழு உடம்போடு நிற்கிறது. அத்துடன், வெளிச்சத்தத்தை இது சுமார் 18 டெசிபல் குறைப்பதாக நிறுவனம் குறிப்பிடுகிறது. பெருஞ்சத்தம் என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி, இசைக்கும் அதைச் சுற்றியுள்ள இரைச்சலுக்கும் இடையே இருக்கிற இடைவெளிதான். மின்விசிறி, தெருவில் போகிற ஆட்டோ, அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி ஆகியவை அடங்கிவிட்டால், ஸ்பீக்கரில் வைத்திருந்ததைவிட எவ்வளவோ குறைந்த அளவில் அதே பிரம்மாண்டம் கிடைக்கிறது. அக்கம்பக்கத்துக்கு நல்லது, காதுக்கும் நல்லது.

வெளியே எவ்வளவு கசிகிறது என்பதை வீட்டிலேயே சோதித்தோம். நான் வழக்கமாகக் கேட்கிற அளவில், கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருப்பவருக்கு, மின்விசிறி ஓடாத அமைதியில், ஜாலராவின் மெல்லிய சிலுசிலுப்பு மட்டும் கேட்கிறது. மின்விசிறி ஓடினால் அதுவும் இல்லை. அறைக் கதவுக்கு வெளியே எதுவும் கேட்பதில்லை. பொதுச்சுவருக்கு அப்பால் பேச்சே இல்லை. பூ வியாபாரம் செய்கிற பக்கத்து வீட்டு அக்கா சில வாரங்கள் கழித்து முற்றத்தில் நிறுத்திக் கேட்டார்: "என்ன தம்பி, இப்பல்லாம் பாட்டே போடுறதில்ல? வீட்ல எல்லாரும் நல்லாத்தான இருக்கீக?" "கேக்குறேன்க்கா, காதுல மாட்டிக்கிட்டுக் கேக்குறேன்" என்று எடுத்துவந்து அவர் தலையில் மாட்டி, சுவாமி புறப்பாட்டின்போது வாசிக்கிற மல்லாரி ஒன்றை ஓடவிட்டேன். சற்று நேரத்தில் அவர் என்னிடம் சொன்ன பாராட்டு வளவு முழுவதற்கும் கேட்டது; தம் குரலே தமக்குச் சரியாகக் கேட்காத அளவுக்கு அந்தக் கிண்ணங்கள் மூடியிருந்தன.

அந்த மூடலுக்கு ஒரு விலையும் உண்டு. அழைப்பு மணி, குக்கர் விசில், கைப்பேசி, உள்ளறையில் குழந்தையின் அழுகை என எதுவும் தெளிவாகக் காதில் விழாது. எங்கள் வீட்டில் என்னைக் கூப்பிட வேண்டுமானால் அறை விளக்கை ஒரு முறை அணைத்துப் போடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். வயதானவர்களோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில், கவனித்துக்கொள்ள இன்னொருவர் விழித்திருக்கும்போது மட்டும் இதை மாட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி அணிபவர்களுக்கு, கண்ணாடிக் காம்பு உறைக்கும் தலைக்கும் இடையே சிறு இடைவெளியை உண்டாக்கி அடியொலியைக் கொஞ்சம் கசியவிடும்; மெல்லிய காம்புள்ள கண்ணாடி என்றால் இது பெரிய விஷயமில்லை.

80 ஓம் என்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர்கள் அதிகம் குழம்புகிற இடம் அது. டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என மூன்று வகைகளில் வந்திருக்கிறது. எண் கூடக் கூட, அதை ஓட்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் என்பது இதன் உணர்திறன்; அதாவது அவ்வளவு மின்திறன் கொடுத்தால் அவ்வளவு ஒலி வரும். ஏறத்தாழ 1 வோல்ட் தருகிற, ஹெட்ஃபோனைக் கைப்பேசியோடு இணைக்கிற சிறிய யூ.எஸ்.பி. டாங்கிளில் 80 ஓம் வகையை மாட்டினால் 12.5 மில்லிவாட் கிடைக்கும். உச்ச ஒலி 107 டெசிபலைத் தொடும். அதே டாங்கிளில் 250 ஓம் வகை ஏறத்தாழ 102 டெசிபலோடு நின்றுவிடும். உச்சங்களுக்கும் சராசரிக்கும் இடையே பெரும் வித்தியாசமுள்ள நாதஸ்வரக் கச்சேரிப் பதிவுக்கு அந்த ஐந்து டெசிபல் தேவைப்படுகிறது. தனி ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் 250ஐ எடுக்கலாம். கைப்பேசியும் மடிக்கணினியும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 80 போதும். வேறு பெட்டி எதுவும் வாங்கத் தேவையில்லை. சில கைப்பேசிகளின் மின்வெளியீடு மிகக் குறைவு என்பதால், ஒலி போதவில்லை என்று தோன்றினால் ஹெட்ஃபோனைக் குறை சொல்லுமுன் டாங்கிளை மாற்றிப் பாருங்கள்.

இணைப்புக் கம்பி மூன்று மீட்டர் நீளம், இடப்பக்கக் கிண்ணத்தோடு நிரந்தரமாகப் பிணைந்தது. மேசையிலிருந்து கட்டில் வரை தாராளமாக எட்டுகிறது. நடமாடுகிறவர்களுக்குக் காலில் சிக்கும். கழற்றி மாற்றக்கூடிய கம்பி வேண்டுமென்றால், நிறுவனத்தின் நூற்றாண்டையொட்டி 2024இல் வந்த டிடி 770 புரோ எக்ஸ் என்ற 48 ஓம் வகையில் அது உண்டு. 32 ஓம் வகையில் கம்பி 1.6 மீட்டர், கையோடு எடுத்துச் செல்ல அது தோது.

சத்தத்தை நீக்குகிற புளூடூத் ஹெட்ஃபோன் போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ரயில், பேருந்துப் பயணத்துக்கு அதுவே சிறந்தது. தொடர்ந்து ஒலிக்கிற தாழ்ந்த இரைச்சலை அது அடக்குவதுபோல இந்த ஹெட்ஃபோனால் அடக்க முடியாது. மின்விசிறியின் அடிமுனகல் இதில் ஓரளவு உள்ளே வரத்தான் செய்கிறது. ஆனால் புளூடூத் ஹெட்ஃபோனில் பாட்டரிக்கு ஆயுள் உண்டு. அது தேய்ந்த பிறகு பழுது பார்க்க நம் ஊரில் வழி குறைவு. வீட்டில் ஒரே இடத்தில் அமர்ந்து கேட்பவருக்குக் கம்பியால் இழப்பு ஒன்றும் இல்லை.

ஹெட்ஃபோனில் கிடைக்காதது ஒன்று உண்டு: நெஞ்சில் வந்து மோதுகிற ஒலி. தவிலுக்கு எதிரே நின்றால் உடம்பு கேட்கிறதே, அதை எந்த ஹெட்ஃபோனும் தராது. ஒலி தலைக்குள் ஒலிப்பதுபோல் இருப்பதும், வீட்டார் கூடி உட்கார்ந்து கேட்க முடியாததும் உண்மையான குறைகளே. அதற்காகப் பகல் நேரத்துக்குச் சிறிய ஸ்பீக்கர் இரண்டை வைத்திருக்கிறேன். அவற்றைப் பொதுச்சுவரிலிருந்து தள்ளி, ரப்பர்த் துண்டுகளின் மேல் நிறுத்தி, ஒரு மீட்டர் தூரத்தில் அமர்ந்து கேட்கிறோம். தூரத்தைப் பாதியாக்கினால் ஒலி 6 டெசிபல் கூடும் என்பதால், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பதைவிட ஏறத்தாழ 9 டெசிபல் குறைத்து வைத்தும் அதே நிறைவு கிடைக்கிறது. அடியொலிக்கென்றே உள்ள சப்வூஃபர் என்ற ஸ்பீக்கரை அறவே தவிர்த்துவிட்டோம். மாடி வீடுகளில், தளத்தில் வைத்த சப்வூஃபர் கீழ்வீட்டாருக்குத் தருகிற தொல்லை வேறெந்தக் கருவியும் தராதது.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்தவருக்குக் கேட்காத சத்தம் என்பதால் அதற்கு வரம்பில்லை என்று ஆகிவிடாது. பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவது ஒரு விதத்தில் நமக்குப் பாதுகாப்பாக இருந்தது. ஹெட்ஃபோனில் அந்தப் பாதுகாப்பு இல்லை. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல், 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம் மட்டுமே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிறது. மேலே சொன்ன 107 டெசிபல் நொடிப்பொழுது எழுகிற உச்சங்களுக்கானது. அதைச் சராசரியாக வைத்துக் கேட்பது காதை நாசமாக்கும். நான் கடைப்பிடிக்கிற முறை எளிது. ஹெட்ஃபோனை மாட்டி, அறை அமைதியாக இருக்கும்போது பாட்டின் மெல்லிய பகுதி தெளிவாகக் கேட்கிற இடத்தில் அளவை நிறுத்திவிடுவேன். பிறகு பாட்டு முடியும்வரை கூட்டுவதில்லை. காது ஒலிக்குப் பழகப் பழக இன்னும் கூட்டச் சொல்லும். அதற்கு இடம் கொடுக்கலாகாது. கழற்றிய பின் காதில் ரீங்காரம் கேட்டாலோ, பேச்சுக் குரல்கள் மங்கியதுபோல் தோன்றினாலோ, அன்றைய அளவு மிகுந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு மறுநாள் முழுவதும் ஓய்வு கொடுங்கள். இரண்டு நாளில் அது அடங்காவிட்டால் காது மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகளிடம் இதைக் கொடுக்கும்போது, கைப்பேசியின் உச்ச ஒலி வரம்பை அமைப்புகளில் முதலிலேயே குறைத்துவிட்டுக் கொடுங்கள்.

விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். இணையத்தில் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால் சில வாரம் பார்த்திருந்து வாங்குவது லாபம். தொகை சிறியதில்லை. ஆனால் ஒரு நடுத்தர ஹோம் தியேட்டருக்கு நாம் கொடுக்கிற பணத்தோடு ஒப்பிட்டால், அந்த ஹோம் தியேட்டரை மாசி வீதிச் சந்தில் இரவு பத்து மணிக்கு மேல் பாதி ஒலியில்கூட ஓடவிட முடியாது என்பதை நினைத்தால், எனக்கு இது தகுந்த செலவு. இவ்வளவு கொடுக்க முடியாதவர்கள் எந்த நிறுவனத்தின் பொருளாக இருந்தாலும், காதை முழுவதுமாகச் சுற்றி மூடுவது, கிண்ணத்தின் பின்புறம் அடைபட்டது, உறையைக் கழற்றி மாற்றக்கூடியது என்ற மூன்றையும் பார்த்து வாங்குங்கள். வாங்கும்போது பெட்டியின் மேல் 770 என்ற எண்ணும் 80 ஓம் என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். இந்தியாவுக்கான உத்தரவாதம் தருகிற விற்பனையாளரா என்று கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டுக்கு வந்தவுடன் ஒரு நல்ல தவில் பதிவை ஓடவிட்டு, இடமும் வலமும் ஒரே அளவில் ஒலிக்கின்றனவா, தொப்பி ஒலி எழும்போது எந்தக் கிண்ணமாவது கரகரக்கிறதா என்று திருப்பி அனுப்புகிற கெடுவுக்குள் பார்த்துவிடுங்கள்.